பன்னிரண்டில் எட்டு

காலையில் முதல் வேலை
தொப்பிக்குள் களிம்பு நிரப்புவது.
முப்பத்திரண்டு துளை, ஒவ்வொன்றிலும்
ஊசியில்லாச் சிரிஞ்சின் ஒரு சொட்டு.
சென்னியப்பனுக்கு முடி வளர்ந்துவிட்டது.
நேற்று ஏழாம் துளை நின்ற இடத்தில்தான்
இன்றும் அது நிற்கிறது என்று
நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பீளமேட்டில் மின்சாரத்துக்கும் ஒரு முனகல் உண்டு,
நொடிக்கு ஐம்பது தரம்.
அதை வடிகட்டிவிடலாம்.
மின்விசிறியை நிறுத்தினால் வியர்க்கிறார்,
வியர்த்தால் அலை சரிகிறது,
ஓட விட்டால் ஒயர் ஆடுகிறது.
அவர் சொல் கேட்காமல்
அதுபாட்டுக்குச் சிமிட்டும் கண்
அவர் நினைப்பதைவிடப் பத்து மடங்கு பெரிய மலை.
மலைக்குப் பின்னால் யாரோ கூப்பிடுகிறார்கள்.
அதைக் கேட்பது எங்கள் பிழைப்பு.

திங்கட்கிழமை கற்றுக்கொடுத்த நிரல்
வியாழக்கிழமை அவரை அடையாளம் தெரியாமல் விழிக்கிறது.
"ராத்திரி தூங்கலைங்க, அவ்வளவுதான்"
என்கிறார் துளசிமணி.
அவ்வளவு போதும்.

வலது கையை மூடுவதாக நினையுங்கள் என்று
இரண்டு மாதம் கேட்டோம்.
நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.
காசைச் சுண்டினாலே ஐம்பது வரும்.
துளசிமணிதான் சொன்னார்:
"சும்மா கையை மூடி அவருக்குப் பழக்கமில்லைங்க.
திருச்செங்கோட்டு ரிக் வண்டியில
பத்தொம்பது வருசம் லீவரைப் புடிச்ச கை."
லீவரை இழுங்கண்ணா என்றேன்.
சத்தீஸ்கரில் கம்பத்திலிருந்து விழுந்த பிறகு
அசையாத அந்த உடம்புக்குள்
எங்கோ கம்ப்ரசர் உறுமியிருக்க வேண்டும்.
எண்பத்துநாலு.
அன்று எல்லாருக்கும் தேங்காய் பன்.

இன்று மச்சினர் வந்திருக்கிறார்,
பத்திரம் எழுதுகிறவரோடு.
மோர்ப்பாளையத்து ரெண்டு ஏக்கரை விற்கச் சம்மதமா?
வண்டிக் கடன் இருக்கிறது, ஆஸ்பத்திரிக் கடன் இருக்கிறது,
கேள்வியில் வஞ்சகம் ஒன்றுமில்லை.
வலது லீவர் என்றால் ஆமாம். இடது என்றால் வேண்டாம்.
திரையில் "ஆமாம்".
பத்திரக்காரர் பேனாவைத் திறக்கிறார்.
ஓரத்தில் சின்னதாக, நம்பகம்: எழுபத்தொன்று.

இன்னொருக்கா கேட்கலாமுங்க என்றேன்.
பன்னிரண்டு முறை கேட்டேன்.
எட்டு ஆமாம். நாலு வேண்டாம்.

"எட்டுப் பெருசா நாலு பெருசா?" என்கிறார் மச்சினர்.
கணக்குச் சரிதான்.
ஆனால் அந்த நாலும் என்ன?
நழுவிய மின்முனையா,
எச்சில் விழுங்கியதா,
கீழே லிஃப்ட் கிளம்பியதா,
இல்லை, நாலு முறை ஒரு மனுசன்
தன் காட்டில் தானே இறக்கிய
அறுநூற்றறுபது அடியை நினைத்துக்கொண்டானா?
என் திரையில் இரைச்சலும் தயக்கமும்
ஒரே கையெழுத்தில் வருகின்றன.
ஆறு வருடப் படிப்பில்
இவற்றைப் பிரிக்கும் வடிகட்டியை
எனக்கு யாரும் தரவில்லை.

வரம்பைத் தொண்ணூறுக்கு ஏற்றினேன்.
அதற்குக் கீழே என்றால் வாயைத் திறக்காதே என்று
இயந்திரத்துக்குச் சொன்னேன்.
மறுபடி கேட்டேன்.
திரை வெறுமையாக இருந்தது.
அவர் கண்கள் திரையின் பக்கம் திறந்திருந்தன.

"மிசின் நின்னு போச்சுங்களா?"
பேனாவை மூடிக்கொண்டே கேட்டார் பத்திரக்காரர்.

அவர் காதோரம் வழிந்த களிம்பைத்
துடைத்துக்கொண்டிருந்த துளசிமணி
திரும்பாமலே சொன்னார்:
"முந்நூறு அடிக்கு வெறும் புழுதியாப் பறக்கும்.
காட்டுக்காரர் வந்து நிப்பாரு,
தண்ணி வருமா வராதான்னு.
இவரு வரும்னும் சொல்ல மாட்டாரு
வராதுன்னும் சொல்ல மாட்டாரு.
புழுதியை உள்ளங்கையில வாங்கித்
தேச்சுப் பாத்துட்டு
இன்னொரு ராடு எறக்குவாருங்க."

மச்சினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
ஐந்தே முக்காலுக்குப் பஸ்.
ஏழாம் துளை காய்ந்திருந்தது.
சிரிஞ்சை எடுத்தேன்.